இன்ஜின் பார்க் அம்மா

அந்த அம்மாவின் கையில் எப்போதும் வேறு யாருடைய பொருளாவது ஒன்று இருக்கும். வலது கையில் துடைப்பம், இடது கையில் ஒரு குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ். அல்லது மூக்குக்கண்ணாடிக் கூடு. அல்லது யாரோ கழற்றிவைத்து மறந்துபோன முழங்கால் உறை. எங்கள் காலனிப் பூங்காவைப் பெருக்குவது அவர் வேலை. நாங்கள் காலை நடைக்குப் போகும்போது பாதிப் பூங்கா பெருக்கி முடிந்திருக்கும். கேட்டைத் தாண்டும் ஒவ்வொருவரிடமும் கையை உயர்த்திக் காட்டி, "யாருது இது?" என்பார். மற்ற இடங்களில் குட் மார்னிங் சொல்வதுபோல எங்கள் பூங்காவில் அது.

நாங்கள் இல்லையென்று தலையாட்டிவிட்டு நடக்க ஆரம்பிப்போம். அவர் விடமாட்டார். அந்தப் பொருளுக்கு ஆள் கிடைக்கும்வரை அது அவருடன் சுற்றும். ஒருமுறை பெஞ்சில் ஒரு பல்செட் கிடந்தது, கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி. யாரிடமும் வாயைத் திறக்கச் சொல்வது மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வயதானவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வரும்போது எதிரில் நின்று, "கொஞ்சம் சிரி ஐயா" என்று கேட்டார். பத்து வருடமாக யாரைப் பார்த்தும் சிரிக்காத ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அன்று சிரித்தார். பல் அவருடையதுதான்.

எல்லா முறையும் இப்படி நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. எங்கள் நலச்சங்கத்தின் செயலாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிகரெட்டை விட்டுவிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். ஒருநாள் இருவரும் சேர்ந்து நடந்துகொண்டிருந்தபோது இந்த அம்மா குறுக்கே வந்து பாக்கெட்டை நீட்டினார். "சார், வேப்பமரத்தாண்ட வெச்சிட்டு மறந்துட்ட. உள்ள ரெண்டு இருக்குது, பாத்துக்கோ."

"என்னுது இல்லம்மா."

"உன்னுது தான் சார். நேத்து நீ குடிச்சிட்டு அங்க வெச்ச. நான் பாத்தேன்."

செயலாளரின் மனைவி அதற்குப் பிறகு ஒரு மாதம் எதிர்த்திசையில் நடந்தார். செயலாளர் இந்த அம்மாவை மன்னிக்கவேயில்லை. எனக்கு அப்போது அது பெரிய சிரிப்பாக இருந்தது. கம்பெனி கேன்டீனில் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பேன் என்று கணக்கில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் தைத்ததில் நூல் விலகியிருந்தால் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். ஒரு ஜோடி ஷூவை வெளிச்சத்தில் பிடித்து, பத்து விநாடியில் குறையைச் சொல்லிவிடுவேன். இருபது வருடமாக இதையே செய்வதால், எல்லாவற்றின் குறையையும் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதது என் ஒருவனை மட்டும்தான்.

எங்கள் காலனி ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற பஸ்ஸில் கால்மணி நேரம். பூங்காவின் நடுவில் ஒரு பழைய ஆயில் இன்ஜின் நிற்கிறது. பாலாற்றங்கரையில் யாரோ ஒரு குடும்பத்தின் கிணற்று மேட்டில் பல காலம் தண்ணீர் இறைத்தது. பிறகு மின்மோட்டார் வந்தது. பிறகு கிணற்றில் தண்ணீரே இல்லாமல் போனது. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததைக் குடும்பத்துப் பிள்ளைகள் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். மெக்கானிக் பாய் ஒருவர் நாலு மாதம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, பிரித்துத் துடைத்து, இல்லாத பாகங்களைக் கடைசல் பட்டறையில் செய்துவாங்கி ஓடவைத்தார். உடம்புக்குப் பச்சை பெயின்ட், இரண்டு பெரிய சக்கரங்களுக்குச் சிவப்பு. உதவியவர்கள் பெயர்களோடு ஒரு கல்வெட்டு. கல்வெட்டு இன்ஜினைவிடக் கொஞ்சம் உயரம். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் பாய் வந்து கைப்பிடியைச் சுற்றுவார். அது இருமி, புகைவிட்டு, ஐந்து நிமிடம் ஓடும். கைதட்டிவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். இன்ஜின் பார்க் என்றுதான் ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். பெருக்குகிற அந்த அம்மா, இன்ஜின் பார்க் அம்மா.

இந்த இன்ஜினில்தான் நான் ஒரு டப்பாவை ஒளித்துவைத்தேன்.

காரணம் ஒரு ஜெர்மனிக்காரர். எங்கள் கம்பெனி ஷூவை வாங்குகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு டெக்னீஷியனை அனுப்புவார்கள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வேலூர் கோட்டைப் பக்கம் அழைத்துப்போகச் சொன்னார். கோயில் பார்க்கப்போகிறார் என்று நினைத்து வேட்டியெல்லாம் கட்டிக்கொண்டு போனேன். அவர் கோயிலைத் திரும்பியும் பார்க்கவில்லை. கைப்பேசியைப் பார்த்தபடியே நடந்து, ஒரு சுவரின் இடுக்கில் கையைவிட்டு, ஃபிலிம் ரோல் வருமே, அந்த அளவு டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே சுருட்டிய காகிதத்தில் ஏழெட்டுப் பெயர்கள். தன் பெயரை எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். ஜியோகேச்சிங் என்றார். உலகம் முழுக்க ஆட்கள் இப்படிச் சின்ன டப்பாக்களை ஒளித்துவைத்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை ஒரு செயலியில் போட்டுவிடுவார்களாம். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்துப் பெயர் எழுதுவார்களாம். பெரிய டப்பாவாக இருந்தால் உள்ளே சின்னச் சின்னச் சாமான்கள் இருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றைப் போடலாம். பரிசு ஒன்றும் கிடையாது.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரியும் என்கிற ஆசைதான், வேறென்ன. நம் ஊரிலும் ஒன்று வைப்போம், ஜெர்மனிக்காரர் அடுத்தமுறை வரும்போது அசந்துபோகட்டும் என்று முடிவுசெய்தேன். பார்க்கத் தகுந்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது விளையாட்டின் மரபு. எங்களிடம் இருந்தது இன்ஜின் ஒன்றுதான்.

மதிய உணவு டப்பா அளவில் ஒன்று வாங்கினேன். உள்ளே ஒரு சின்ன நோட்டு, பேனா, நாங்கள் செய்யும் ஷூ வடிவத்திலேயே தோலில் தைத்த சாவிக்கொத்து ஒன்று. மழை இறங்காமலிருக்க டப்பாவைச் சுற்றிக் கறுப்பு டேப்பை இறுக்கமாக ஒட்டினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன், எப்படியும் நானே சொல்லிக் கேவலப்படப்போகிறேன்.

ஒரு சாயங்காலம் ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்து, இன்ஜின் நிற்கும் இரும்புச் சட்டத்துக்கு அடியில் டப்பாவைத் தள்ளினேன். நான் போட்டிருந்தது செருப்பு.

மறுநாள் காலை கேட்டிலேயே அந்த அம்மா நின்றார். "இந்தா சார், உன் டப்பா. நேத்து குனிஞ்சப்ப வுழுந்துட்டுக்குது."

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் டப்பாவில் காந்தம் ஒட்டி, சக்கரத்தின் உள்பக்கம் பொருத்தினேன். அதுவும் காலையில் வந்தது. "இன்னா சார், எப்ப பாரு இத வுட்டுட்டுப் போற. வூட்ல ஏதாவது ரோசனையா?" மூன்றாம்முறை குரோட்டன்ஸ் வேலிக்குள் புதைத்தாற்போல வைத்தேன். அந்தமுறை கழுவி, வெயிலில் உலர்த்தி, நோட்டின் ஈரமான பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்துக் கொண்டுவந்தார். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "மறதி ஜாஸ்தியாயிட்டா டாக்டராண்ட காட்டணும் சார். எங்க மாமாவுக்கு இப்டித்தான் ஆரம்பிச்சுது" என்றார்.

வேறு வழியில்லாமல் உட்காரவைத்து விளக்கினேன். உலகம், செயற்கைக்கோள், ரேகைகள் எல்லாம் சொன்னேன். கால்மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"யாரோ வருவாங்க. தேடுவாங்க. பேரெழுதிட்டுப் போவாங்க."

"ஆமாம்மா."

"ஆனா டப்பா உன்னுது."

"ஆமா."

"அப்ப இது தொலையல. நீ வெச்சிருக்கற."

"அதேதான்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் சார் தூக்கினு அலையறேன்" என்றார்.

இடத்தையும் அவரே சொன்னார். இன்ஜினின் தலையில், சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஊற்றுகிற தொட்டி ஒன்று உண்டு. வருடத்தில் இரண்டு நாள் தவிர மற்ற நாளெல்லாம் காய்ந்துகிடக்கும். தகர மூடி போட்டது. யாரும் திறக்கமாட்டார்கள். "அதுல வெய்யி. மழையும் படாது, நாயும் இழுக்காது." இத்தனை வாரம் யோசித்தும் எனக்குத் தோன்றாத இடம்.

அன்றுமுதல் அந்த டப்பாவுக்கு உலகத்தில் எந்த டப்பாவுக்கும் இல்லாத காவல் கிடைத்தது. விளையாட்டு மட்டும் நாசமாகிவிட்டது. தேடி வருகிறவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இன்ஜினைச் சுற்றுவார்கள். இந்த அம்மாவுக்கு ஒருவர் ஒரு பொருளைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "டப்பா தானே? தொட்டிக்குள்ளார பாரு" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். வேலூரில் டாக்டருக்குப் படிக்கும் இரண்டு பெண்கள் வந்தபோது, அவர்கள் பைக்கை நிறுத்துவதற்குள் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார். அவர்கள் நோட்டில் எழுதியிருந்தார்கள்: "டப்பா எங்களைக் கண்டுபிடித்தது."

ஜெர்மனிக்காரர் வந்தபோது நான் கூடவே போனேன். அவர் சக்கரத்தை ஆராய்ந்தார், அடியில் குனிந்தார், வியர்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்று, "பாவம் சார், வெயில்ல. சொல்லிடேன்" என்றார். நான் கண்ணைக் காட்டினேன். இரண்டு நிமிடம் தாங்கினார். அப்புறம் துடைப்பத்தின் அடிக்கட்டையால் தொட்டி மூடியை லொட்டென்று தட்டினார். ஜெர்மனிக்காரர் சிரித்த சிரிப்பு கம்பெனியில் அடுத்த மீட்டிங்வரை கேட்டது.

ஒருநாள் அந்த அம்மா முகமெல்லாம் வாடி நின்றார். "சார், நான் கொஞ்சம் அந்தாண்ட போயிருந்தேன். யாரோ பைக்ல வந்தவன் சாவிக்கொத்த எடுத்துனு போய்ட்டான். பதிலுக்கு இத போட்டுட்டுக்கிறான்." கையில் ஒரு பித்தளைப் பொத்தான். எடுத்துக்கொண்டு போடலாம், அதுவும் விளையாட்டுதான் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பொத்தானுக்கு உரியவன் என்றாவது வருவான் என்று அதைக் காகிதத்தில் மடித்து டப்பாவுக்குள் தனியாக வைத்தார். புதுப் பெயர் ஒவ்வொன்று சேரும்போதும் என்னைப் படித்துக்காட்டச் சொல்வார். எந்த ஊர், இன்னா வேலை என்று கேட்பார். எனக்குத் தெரியாது என்றால், "இவ்ளோ தூரம் வந்துக்கிறாங்க, கேக்கலையா?" என்பார்.

அடுத்த வருடம் ஆகஸ்ட் மாதம். கம்பெனி என்னை இரண்டு வாரப் பயிற்சிக்கு ஜெர்மனி அனுப்புவதாகப் பேச்சு. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்தேன். தெருவில் போலீஸ்காரர் போனாலே முகத்தை நல்லவன்போல வைத்துக்கொள்வேன். சுதந்திர தினத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது இந்த அம்மா சொன்னார்: "சார், இன்ஜின ஓட்டப் போறாங்க. போன தடவ மாதிரி டப்பாவ எடுத்துடு."

"நாளைக்கு எடுத்துடறேம்மா."

மறுநாளும் சொன்னார். நானும் அதையே சொன்னேன். கம்பெனியில் ஏற்றுமதி நெருக்கடி என்று இப்போதுகூட ஒரு சமாதானம் வாயில் வருகிறது. தொட்டியைத் திறந்து டப்பாவை எடுக்க அரை நிமிடம் போதும்.

பதினான்காம் தேதி காலை நான் போனபோது எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். மெக்கானிக் பாய் இன்ஜினைச் சோதிக்க வந்து, தண்ணீர் ஊற்றத் தொட்டி மூடியைத் திறந்திருக்கிறார். உள்ளே கறுப்பு டேப் சுற்றிய டப்பா. அதன் பக்கவாட்டில் ஒரு காந்தம், மேலே ஜெர்மனிக்காரர் ஒட்டிவிட்டுப்போன, யாருக்கும் புரியாத எழுத்துகள் உள்ள ஸ்டிக்கர். குவாலிட்டி ஆள் என்கிற முறையில் சொல்கிறேன், பார்ப்பதற்கு அசல் வெடிகுண்டு. சினிமாக்காரர்கள்கூட அவ்வளவு பொருத்தமாகச் செய்யமாட்டார்கள்.

செயலாளர் ஸ்டேஷனுக்குப் போன் செய்திருந்தார். ஏட்டு ஒருவர் வந்தார். நல்ல உயரம், தூக்கம் போதாத கண்கள். இன்ஜினைச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, அமைதியாகக் கேட்டார்: "யாருது இது?"

பூங்காவில் ஆயிரம் முறை கேட்ட கேள்விதான். அன்று யாரும் தலையாட்டக்கூட இல்லை.

நான் இரண்டாம் வரிசையில் நின்றேன். என்னுடையது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என் மனதில் என்னென்னவோ ஓடியது. பாஸ்போர்ட் விசாரணைக்கு இதே ஸ்டேஷனிலிருந்து, ஒருவேளை இதே ஏட்டுதான் வருவார். ஜியோகேச்சிங் என்பதை இவருக்கு எப்படி விளக்குவது. செய்தித்தாளில் என் படம். முன்னால் நின்றவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு, சட்டைக் காலர் தையலில் ஒரு நூல் விலகியிருப்பதைக் கவனித்தேன். அந்த நேரத்திலும் அடுத்தவர் தையல்.

"இன்ஜினை யார் தொடுவாங்க?" என்றார் ஏட்டு.

"பாய் மட்டும்தான் சார்," என்றார் செயலாளர். "வேற யாருக்கும் அதைத் திறக்கத் தெரியாது."

ஏட்டு பாயிடம் திரும்பினார். "பேர் சொல்லுங்க. எந்த ஏரியா?"

பாய் பெயரைச் சொன்னார். அவர் கையில் பிளாஸ்டிக் தண்ணீர்க் குடம் இன்னும் இருந்தது. அதைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "நான்தான் சார் மூடியத் திறந்தேன். திறந்ததும் செயலாளர் சாருக்குச் சொன்னதும் நான்தான்" என்றார். "கடைசியா எப்ப வந்தீங்க? கூட யார் வந்தாங்க?" என்று ஏட்டு கேட்டுக்கொண்டே போனார். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அப்போது அந்த அம்மா என்னைப் பார்த்தார். கூட்டத்தில் தேடிப் பிடித்துப் பார்த்தார். அவசரமே இல்லாத பார்வை. நான் சொல்லிவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு நேரம் கொடுத்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பாய்க்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார் அவர் ஏட்டிடம். "அத அங்க வெச்சது நான்தான்."

"நீயா?"

"ஆமா சார். கீழ கெடந்துது. மழையில நனையுமேன்னு தொட்டியில எடுத்து வெச்சேன். உரியவங்க வந்து கேப்பாங்க, குடுத்துடலாம்னு."

"உரியவங்க யாரு?"

துடைப்பத்தைக் கைமாற்றிக்கொண்டார். "இன்னும் கேக்கல சார்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. முதல்முறை இரும்புச் சட்டத்துக்கடியில் கீழேதான் கிடந்தது. உரியவன் இன்னும் கேட்கவில்லை. கேட்பதற்கான இடத்தையும் திறந்தே வைத்திருந்தார். நான் அப்போதும் கேட்கவில்லை.

அவர் பேச்சை யாரும் சந்தேகப்படவில்லை. பல்செட் முதல் சிகரெட் வரை எடுத்துக் கொடுத்தவர் ஆயிற்றே. ஏட்டு அவரையே டப்பாவைத் திறக்கச் சொன்னார். அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. எல்லோரும் பத்தடி தள்ளி நிற்க, அந்த அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் கையால் டேப்பைப் பிரித்துத் திறந்தார். நோட்டு, பேனா, காகிதத்தில் மடித்த பொத்தான். ஏட்டு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டப்பாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏட்டு போனதும் செயலாளர் ஆரம்பித்தார். "கண்டதையும் எடுத்து வெக்காதன்னு எத்தினி தடவ சொல்றது? இன்னிக்கு மானம் போச்சு. நாளையிலருந்து நீ வர வேணாம்." சிகரெட் பாக்கெட் அந்தக் குரலில் இருந்தது. அந்த அம்மா துடைப்பத்தை எடுத்தார். விட்ட இடத்திலிருந்து மிச்சத்தையும் பெருக்கி முடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் இன்ஜின் ஒழுங்காக ஓடியது. பாய் கைப்பிடியை ஒரே சுற்றுதான் சுற்றினார். நான் தேசிய கீதத்தைப் பக்கத்திலிருப்பவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கப் பாடினேன்.

மனைவியிடம் ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். கொஞ்சம் திருத்தித்தான் சொன்னேன், நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டதாக. அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "ஓட்டல்ல சட்னி கம்மியா வெச்சா அந்தக் கத்து கத்துவீங்க. அங்க மட்டும் வாய் வரலையா?"

இன்னும் இரண்டு வாரம் ஆனது. கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். டப்பா என்னுடையது என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "அன்னிக்கு நீங்களும் அங்கதானே நின்னீங்க?" என்றார். ஆமாம் என்றேன். அந்த அம்மாமேல் தவறில்லை, திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். பேனாவை எடுத்தேன். நமது பூங்காவில் பணிபுரிந்த திருமதி என்பதுவரை வேகமாக எழுதிவிட்டு நின்றேன். பெயர் தெரியாது. வருடக்கணக்காகத் தினமும் பேசியிருக்கிறேன். பொத்தானை விட்டுப்போனவன் பெயர்கூட எனக்குத் தெரியும். செயலாளருக்கும் தெரியவில்லை. சங்கத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். "துப்புரவு, ஒருவர்" என்று இருந்தது. கடைசியில் "இன்ஜின் பார்க் அம்மா" என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டேஷனுக்கும் போனேன். என்ன கேள்வி வருமோ என்று வக்கீல் நண்பர் ஒருவரின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். ஏட்டு நான் சொல்வதைக் கேட்டார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "உள்ள எல்லாம் சரியா இருக்குதா பாத்துக்குங்க," என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்துடன், "இந்த மாதிரி ஏலகிரியில ஏதாவது இருக்குதா? பசங்களக் கூட்டினு போலாம்னு பாக்கறேன்" என்றார். கைப்பேசியில் பார்த்துச் சொன்னேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த ஜெர்மனிப் பயிற்சி, ஆர்டர் குறைந்ததால் யாருக்குமே இல்லாமல் போனது. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர் வேறொருவர், வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மெக்கானிக் பாய்தான் அந்த அம்மா இருக்கும் இடத்தைச் சொன்னார். வேலூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். நான் பாயிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்தார்.

மண்டபத்தில் முதல்நாள் ஒரு வளைகாப்பு முடிந்திருந்தது. அந்த அம்மா கூடத்தில் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன். வழக்கமான முகம்தான்.

"இன்னா சார், இவ்ளோ தூரம்?"

"நான் போய்ச் சொல்லிட்டேம்மா. டப்பா என்னுதுன்னு."

"எப்ப?"

"நேத்து."

"ஏட்டாண்டையா?"

"ஆமா. ஏட்டுகிட்டயும், செயலாளர்கிட்டயும்."

"டப்பாவ குடுத்தாங்களா?"

"குடுத்துட்டாங்க."

"ஏதாவது கேட்டாங்களா? பேஜார் பண்ணாங்களா?"

"ஒண்ணும் கேக்கல. டீ வாங்கிக் குடுத்தாரு."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "அப்ப அன்னிக்குக் கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பாரு," என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. ஒரு விவரம் புரிந்துபோனவர் சொல்வதுபோலச் சொன்னார்.

பூங்காவுக்குத் திரும்ப வரலாம், செயலாளர் சம்மதித்துவிட்டார் என்றேன். "இல்ல சார். இங்க வேல கம்மி. சாப்பாடும் போட்டுடறாங்க" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. நான் அங்கே வந்த காரணத்தை இன்னும் சொல்லவில்லை. கண்ணாடி முன் அதற்கும் ஒத்திகை பார்த்திருந்தேன். உங்கள் பெயர் என்னம்மா என்று கேட்டு, அதன் பிறகு மன்னிப்புக் கேட்பதாகத் திட்டம். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

உள்ளிருந்து மண்டபத்து மேனேஜர், "கழுவி முடிஞ்சுதா?" என்று குரல் கொடுத்தார்.

"வர்றேன் சார்" என்று, எனக்கும் அவருக்குமாகச் சேர்த்து ஒரே பதிலைச் சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போனார்.